பின்னணிச் சேவைக்குப் போடும் வேலி: கைப்பேசியில் கட்டாய அணுகல் கட்டுப்பாடு

கைப்பேசிக்கு வரும் தகவல்களைத் திரைக்குப் பின்னால் இருந்து வாங்கிக் கையாளும் நிரலே பின்னணிச் சேவை. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரின் கைப்பேசியிலும் கிள்ளான் தோட்டத்துப் பாட்டியின் கைப்பேசியிலும் அது இரவு பகலாக ஓடுகிறது. முகம் தெரியாதவர் அனுப்புவதையும் அதுவே முதலில் தொடுவதால், ஊடுருவல்காரர்கள் அதைக் குறிவைக்கின்றனர்.

வழக்கமான முறையில், ஒரு கோப்பை யாருக்குத் திறந்துவிடுவது என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்வார். கட்டாய அணுகல் கட்டுப்பாடு அப்படியல்ல. தோட்டத்துக் கிடங்கின் சாவி கிராணியிடம் இருந்தாலும், துரை எழுதிவைத்த பட்டியலை மீறி அவரால் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. அதுபோல, ஒரு சேவை எதைப் படிக்கலாம், எதைத் தொடலாம் என்பது இயங்குதளத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாதது மறுக்கப்படும். சேவைக்குள் திருடன் புகுந்தாலும் அந்த எல்லையைத் தாண்டுவது கடினம்.

இத்தகைய 'எஸ்இலினக்ஸ்' முறையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் 2013இல் 4.3 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. 2014இல் வந்த 5.0 பதிப்பில் முழுமையாக நடப்புக்கு வந்தது.

பட்டியல் தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஜூலையில் வெளிவந்த 'ஸ்டேஜ்ஃபிரைட்' குறைபாடு காட்டியது. தீய காணொளி கொண்ட எம்எம்எஸ் ஒன்று வந்தாலே போதும். பெற்றவர் திறக்காமலேயே கைப்பேசிக்குள் ஊடுருவ வழி இருந்தது. காணொளி, ஒலி, கேமரா அனைத்தையும் ஒரே சேவை கவனித்ததால் அதனிடம் அனுமதிகள் குவிந்திருந்தன. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 அதைப் பல சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தது.

ஆனால், உரிமையாளரே கதவைத் திறந்தால் இந்த வேலி உதவாது. திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் வரும் 'ஏபிகே' கோப்பை நிறுவி, குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கொடுத்தால், வங்கியின் ஓடிபி எண் மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா மலேசியா வங்கிகளைப் பணித்தது.

எனவே, புலனத்தில் வரும் ஏபிகே கோப்புகளை நிறுவ வேண்டாம். எந்தச் செயலிகளுக்குக் குறுஞ்செய்தி அனுமதி உள்ளது என்பதை அமைப்புகளில் பார்த்து, தேவையற்றதை நீக்குங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியையும் பிள்ளைகள் சரிபார்த்துக் கொடுப்பது நல்லது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணையோ அழையுங்கள்.