பிராங்க்கும் பறங்கியும்

"பிராங்க்காகச் சொல்லட்டுமா, சாமி?" என்று பேச்சைத் தொடங்கும் இளைஞர்கள் நம் பங்குகளில் பலர். ஒளிவுமறைவற்ற பேச்சைக் குறிக்க அவர்கள் ஆளும் இவ்வாங்கிலச் சொல்லின் உடன்பிறப்பு ஒன்று, நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே மதுரையில் இழிசொல்லாய் வழங்கியது.

பிராங்க்குகள் என்போர் ஜெர்மானிய இனத்தார். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இன்றைய பிரான்சைக் கைப்பற்றி ஆண்டவர்கள். ஆண்டவர்க்கே முழு உரிமை இருந்தமையால், அவர்தம் பெயரே 'உரிமையுடையவர்' எனப் பொருள்பட்டது. உரிமையுடையவன் அஞ்சாது பேசுவான். ஆகவே ஆங்கிலத்தில் அது வெளிப்படைப் பேச்சைக் குறிக்கலாயிற்று.

அதே பெயர் கிழக்கேயும் நடந்தது. சிலுவைப்போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயரால் அழைத்தனர். பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி, போர்த்துக்கீசியர் வரவுக்குப்பின் தமிழில் 'பறங்கி' ஆயிற்று. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, பறங்கிக்காய் ஆகியவை அதன் எச்சங்கள். நம் திருப்பரங்குன்றம் இவ்வரிசையில் சேராது. அது சங்ககாலப் பெயர்.

1606 நவம்பரில் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரை வந்தபோது, இயேசு சபைத் தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் ஏறத்தாழப் பதினோராண்டுகள் இங்கு உழைத்திருந்தார். பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தியும் இவ்வூரார் எவரும் மனம் மாறவில்லை. நொபிலி காரணத்தைக் கண்டார். திருமுழுக்குப் பெற வருவோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே கேட்கப்பட்டது! மக்கள் மனத்தில் பறங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், தூய்மை அற்றவன். நற்செய்தியின் வாயிலில் ஒரு குலப்பெயர் குறுக்கே நின்றது.

"நான் பறங்கி அல்லன்" என்றார் நொபிலி. காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவபோதகர் ஆனார். எதிர்ப்புகளுக்குப்பின், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர்தம் வழிக்கு இசைவளித்தார்.

ஆயினும் கணக்கை நேர்மையாகப் பார்க்கவேண்டும். பறங்கி என்னும் பெயரின் இழிவிலிருந்து நொபிலி விலகினார். அவ்விழிவைப் பிறப்பித்த சாதி ஏணியை அகற்றவில்லை. ஒடுக்கப்பட்டோர்க்கெனப் பண்டாரசுவாமிகள் என்னும் தனிப் பணியாளர் 1640 முதல் தோன்றியது அதற்குச் சான்று. இன்றும் சில ஊர்களில் நம் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நிற்கிறது. அவரைக் குறை கூறுவது எளிது. நானூறு ஆண்டுகள் கழித்தும் அச்சுவரருகே நின்று இறுதிச் சடங்கு நிறைவேற்றும் நாம் என்ன சொல்வோம்?

பிராங்க்காகச் சொல்லுங்கள்.