பாம்பன் தூக்குப் பாலமும் எண்ணத் தெரிந்த திருகியும்

பாம்பன் கால்வாயில் கப்பலுக்கு வழிவிட ரயில் பாலம் திறப்பதை நாம் இரும்பின் சாதனையாகவே பேசிவருகிறோம். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தையும் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் நீளம், உயரம், எடை என்று அளந்து பாராட்டுகிறோம். இந்த 111 ஆண்டுகளில் நடந்த ஆழமான மாற்றமோ வேறிடத்தில் இருக்கிறது. பாலத்தைத் திறக்கும் கைக்கும் திறக்கும் பாலத்துக்கும் நடுவே எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒலிபெருக்கிப் பெட்டியின் முகப்பில் இருக்கும் திருகிக்கும் இதே மாற்றம்தான் நேர்ந்தது. உப்புக் காற்று வீசும் இந்தக் கரைக்கு அது தேவையான மாற்றம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய பாலத்தின் நடுப்பகுதி சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த உருளும் தூக்குமுறையைச் சேர்ந்தது. அவர் 1893-இலேயே காலமானார். ஆனாலும் அவருடைய முறை உலகெங்கும் பரவியது. இரண்டு இறக்கைகள் நடுக்கால்வாயில் முனையோடு முனை சேர்ந்திருக்கும். ஒவ்வோர் இறக்கையின் அடிப்பாகமும் வில்லாக வளைந்து, தளத்தின்மேல் உருண்டு பின்வாங்கும். எதிர்எடை தாழ, முனை வானை நோக்கி எழும். இதை அசைத்தது மோட்டார் அல்ல. தொழிலாளர்கள் இரு பக்கமும் நின்று லிவரைத் தள்ளித் திருப்ப, பல்சக்கரங்கள் அந்த உடல்வலுவை இறக்கைக்குக் கொண்டுசேர்த்தன. பாரம் கூடினால் உள்ளங்கைக்குத் தெரியும். பல்சக்கரம் இறுகினால் தோளுக்குத் தெரியும். கையும் பாலமும் ஒரே சங்கிலியின் இரு முனைகளாக இருந்தன.

பழைய வானொலிப் பெட்டியின் வால்யூம் திருகியும் இப்படித்தான் வேலை செய்தது. பொட்டென்ஷியோமீட்டர் என்ற அந்த உறுப்புக்குள் குதிரைலாட வடிவில் ஒரு கார்பன் தடம் உண்டு. திருகியைத் திருப்பினால் ஓர் உலோக நாக்கு அந்தத் தடத்தின்மேல் உரசிக்கொண்டு நகரும். அது நிற்கும் இடமே ஒலியின் அளவு. உரசி நகரும் எதுவும் தேயும். ஈரமும் உப்பும் தொடும் இடத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். அப்போது ஒலிபெருக்கியில் கேட்கும் கரகரப்பு, தடத்துக்கும் நாக்குக்கும் நடுவே தொடர்பு அறுந்து அறுந்து சேர்வதன் ஓசை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க, பாலத்தின் நிலப்பக்கக் கரையிலுள்ள மண்டபம் ஊரில் களம் அமைத்தது என்றால், இந்தக் காற்று எத்தகையது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதற்கு மின்னணுவியல் கண்ட விடை, கையை அந்த வேலையிலிருந்தே விலக்குவது. ரோட்டரி என்கோடர் எனப்படும் திருகி எந்த மின்தடையையும் மாற்றுவதில்லை. தான் சுழன்றதை இரண்டு கம்பிகளில் துடிப்புகளாக அறிவிக்கிறது. ஒரு துடிப்பு வரிசை மற்றதைவிட, ஒரு துடிப்புச் சுழற்சியில் கால் பங்கு முந்தியோ பிந்தியோ வரும். எது முந்துகிறது என்று பார்த்தால் திருப்பிய திசை தெரிந்துவிடும். எல்எஸ்7184 போன்ற டிகோடர் சிப் அதைப் பார்த்து, ‘ஏறு’ அல்லது ‘இறங்கு’ என்ற கட்டளையோடு ஒவ்வோர் அடிக்கும் ஒரு துடிப்பை அனுப்பும். அதைப் பெறும் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டருக்குள் உரசும் நாக்கு கிடையாது. எக்ஸ்9சி103 என்ற சிப்பில் 99 மின்தடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் 100 முனைகளில் ஒன்றை மின்னணு சுவிட்ச் தேர்ந்தெடுக்கும். சமிக்ஞை செல்லும் பாதை சிப்புக்குள் அடைபட்டிருப்பதால் உப்புக் காற்று அதைத் தொடுவதில்லை.

புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி இறக்கையாக விரியாமல், லிஃப்ட்டைப் போல் நேராக 17 மீட்டர் உயர்கிறது. இயக்குபவர் கொடுப்பது கட்டளை. தூக்குவது மோட்டாரும் எதிர்எடையும். இத்தகைய செங்குத்துத் தூக்குப் பாலங்களுக்குப் பெரிய ஆபத்து, ஒரு முனை மற்றதை முந்தி எழுந்து வழித்தடத்தில் சிக்கிக்கொள்வது. இரு முனைகளுக்கும் நடுவே இவ்வளவு தொலைவு இருக்கையில் அந்தச் சிறு சாய்வை உள்ளங்கை உணராது. அச்சுகள் எத்தனை சுற்று சுற்றின என்று எண்ணி ஒப்பிட்டால்தான் உணர முடியும். அங்கே வேண்டியதும் சுழற்சியை எண்ணாக்கும் அதே என்கோடர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கையால் இயங்கிய பாலம் நூறாண்டைத் தாண்டியது, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்து பெரும்பாலான உத்தரங்கள் கடலில் விழுந்தபோதும் ஷெர்சர் பகுதி நின்றது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சீரானது. பிறகு எண்ணிக்கை எதற்கு? ஆனால் ஷெர்சர் பகுதியை நிற்கவைத்தது அதன் எஃகும் கட்டுமானமும், லிவர் அல்ல. அதே பழைய பாலத்திலேயே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றுமானி தானாகவே சிக்னலைச் சிவப்பாக்கும் ஏற்பாடு இருந்தது. கையை நம்பிய பாலமும் காற்றை அளக்க எண்ணைத்தான் நம்பியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. எண்ணிக்கைக்கு மறதி உண்டு. சாதாரண என்கோடர் அசைவை மட்டுமே சொல்லும், இடத்தைச் சொல்லாது. மின்சாரம் போனால் கணக்கு தொலையும். நினைவகம் இல்லாத டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரும் விட்ட இடத்தை மறந்துவிடும். பழைய கார்பன் தடத்துக்கும் லிவருக்கும் அந்தக் குறை கிடையாது. விட்ட இடத்திலேயே நின்றன. இதை மறுக்க முடியாது. அதனால்தான் எக்ஸ்9சி103 தன் கடைசி இடத்தை அழியா நினைவகத்தில் எழுதிவைக்கிறது. அதனால்தான் எண்ணை நம்பும் எந்த இயந்திரத்துக்கும் தொடக்கப் புள்ளியை உறுதிசெய்யும் தனி சுவிட்சும், அவசரத்துக்குக் கையால் இயக்கும் வழியும் வேண்டும். எண்ணிக்கை கையை உழைப்பிலிருந்து விடுவிக்கலாம். பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கூடாது.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. அந்த லிவர்களும் பல்சக்கரங்களும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடக் கூடாது. ஒரு லிவரையாவது, அதன் பல்சக்கரத்தோடு, ராமேஸ்வரத்தில் மாணவர்கள் தொட்டுத் திருப்பிப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்திலேயே ஒரு என்கோடரையும் வையுங்கள். இரண்டையும் திருப்பிப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த 111 ஆண்டுகள் தானே விளங்கும்.