கொல்லத்து எழுத்தும் தரங்கம்பாடி எழுத்தும்

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் மருந்துப் பெட்டிகளின் அச்சைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் எழுத்து ஏன் எறும்பு அளவில் இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். தாள் சிறியது, சொல்ல வேண்டியது நிறைய. அவ்வளவுதான். நாள் முழுக்க உருப்பெருக்கி வழியே எழுத்தைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? மாலையில் இரண்டு பழைய தமிழ் நூல்களின் பக்க நகல்களை மேசையில் விரித்துக்கொண்டேன். ஒன்று 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. மற்றது 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு.

நகலில் மில்லிமீட்டர் பொய் சொல்லும். ஐரோப்பாவின் தொடக்க கால அச்சு நூல்களை ஆராய்பவர்கள் 20 வரிகளின் உயரத்தை அளந்து எழுத்துருவை அடையாளம் காண்பார்கள். அதற்கு மூலப் பிரதி கையில் வேண்டும். நகலை வைத்திருப்பவன் வடிவத்தையும் விகிதத்தையும்தான் நம்ப முடியும். உடைந்த எழுத்து ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே வெட்டுக்காயம் வேறு வேறு பக்கங்களில் தலைகாட்டினால், அதே ஈயத்துண்டு பிரித்தெடுக்கப்பட்டு மறுபடி கோக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கொல்லத்து நூல் 16 பக்கம்தான். தமிழாக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் எனப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். எழுத்தை உருவாக்கியவர் ஜோவான் தெ ஃபாரியா. பக்கம் பார்க்க ஏட்டுச்சுவடி போலவே இருக்கிறது. மெய்க்குப் புள்ளி கிடையாது. நூலின் பெயரே ‘தமபிரான வணககம’ என்றுதான் நிற்கும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும், அதனால் விட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம். கொல்லத்தில் இருந்ததோ காகிதமும் ஈயமும். அங்கே கிழிய என்ன இருக்கிறது? புள்ளியில்லாமலே படித்துப் பழகிய கண்களுக்காக அச்சிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. புள்ளி வைத்தால் 18 மெய்க்கும் தனித்தனி அச்சு வார்க்க வேண்டியிருந்திருக்கும். அந்தச் செலவும் மிச்சம்.

தரங்கம்பாடியின் கதை வேறு. மிஷனரி சீகன்பால்குவின் அச்சகத்துக்கான தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டி வார்க்கப்பட்டு 1713இல் கப்பலேறி வந்தது. வெட்டிய கைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொல்லத்துக்காரர்கள் எழுத்து புழங்கும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வார்த்தார்கள். ஹாலேயில் எழுத்தைப் படமாகப் பார்த்து வார்த்தார்கள். ஒன்று கையெழுத்து, மற்றது ஓவியம் என்றுகூடச் சொல்லிவிடலாம், கொஞ்சம் மிகைதான்.

ஆனால் தரங்கம்பாடியில் உண்மையான சிக்கல் அழகில் வரவில்லை, அளவில் வந்தது. ஹாலே எழுத்து பெரியது, பக்கத்தை விழுங்கியது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வரவேண்டிய பொருள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் பெரிய எழுத்தில் அச்சாயின. மீதிப் பகுதிகளுக்குச் சிறிய எழுத்தைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார் அச்சாளர் ஆட்லர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்தார்கள் என்று மிஷன் வரலாற்றில் சொல்வதுண்டு. பக்கத்திலிருந்த பொறையாறில் காகித ஆலையும் எழுந்தது. ஒரே நூலின் முன்பாதியையும் பின்பாதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், காகித விலை எழுத்தை எப்படி அமுக்கியது என்பது கண்ணுக்கே தெரிகிறது. என் மருந்துத் தாளின் கணக்கும் அதேதான்.

16 பக்கத்தில் முடிந்த கொல்லத்து நூலுக்கு இந்த நெருக்கடி வரவில்லை. இரண்டையும் வெறும் வடிவத்தை வைத்து ஒப்பிட்டு, இது முதிர்ச்சியற்றது, அது முதிர்ந்தது என்று தீர்ப்பெழுதுபவர்கள் பக்க எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் கொண்டுவந்த சுழியும் இரண்டுக்கும் பிற்பட்டது. அந்த வகையில் 137 ஆண்டு இடைவெளி இருந்தும் இரண்டும் ஒரே கரையில் நிற்பவை.

‘தம்பிரான் வணக்க’த்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் வார்த்த தமிழ் எழுத்தையும், மறு ஆண்டு கொல்லத்தில் வார்த்ததையும் அச்சிட்டவர்களே ஒரே பக்கத்தில் மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள்.