துவங்காத மடிக்கணினியிலிருந்து தரவு மீட்பு

மின்சாரம் ஏறியும் இயங்குதளம் வரை போய்ச் சேராமல் நின்றுவிடும் மடிக்கணினிக்குள் அகப்பட்ட கோப்புகளை வெளியே எடுக்கும் பணி. பழுதுபார்க்கும் கடைகளில் இதற்கு 'டேட்டா ரெகவரி' என்று பெயர்; வாடிக்கையாளர் வாயில் வருவது 'பூட் ஆகலை' என்பது. தரவு மீட்புத் துறையின் ஒரு கிளையாக இதைக் கொள்வது வழக்கமென்றாலும், பெரும்பாலான வேளைகளில் இங்கே மீட்பதற்கு ஒன்றுமில்லை. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மயங்கிக் கிடப்பவன் வாயிற்காவலன் மட்டுமே.

வரலாறு

கணினி தனக்கு வேண்டிய நிரலைத் தானே நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதைக் குறிக்கும் 'பூட்' என்ற சொல், 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் குறுக்கம். காலணியின் பின்வாரைப் பிடித்து ஒருவன் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற நடவாத காரியத்தைச் சொல்லும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. நிரல் இல்லாமல் கணினி ஓடாது, கணினி ஓடாமல் நிரலை ஏற்ற முடியாது என்ற சிக்கலுக்குப் பொருத்தமான பெயர்தான். 1952இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701இல் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. 1975இல் வந்த ஆல்டேர் 8800இல் அந்த வசதியும் கிடையாது. முகப்பிலிருந்த விசைகளை மேலும் கீழுமாகத் தட்டி, தொடக்க நிரலை பைட் பைட்டாக உரிமையாளரே உள்ளிட வேண்டும். அன்றைய கணினி துவங்கவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் விரலுடையது.

அதே காலத்தில் சிபி/எம் இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால், வன்பொருளோடு பேசும் பகுதியைத் தனியே பிரித்து 'பயாஸ்' என்று பெயரிட்டார். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. அந்தப் பெயரைத் தாய்ப்பலகையின் ரோம் சில்லுக்குக் கொடுத்தது. 1983இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. வெளியாயிற்று. உடன்வந்த டாஸ் 2.0 இயங்குதளம், தட்டின் முதல் 512 பைட்டுகளைத் துவக்கத்துக்கென ஒதுக்கியது: 446 பைட் நிரல், 64 பைட்டில் நான்கு பகிர்வுகளின் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. இந்த அரைக் கிலோபைட் கெட்டால், மீதித் தட்டு முழுவதும் நலமாக இருந்தும் கணினி துவங்காது. இக்கட்டுரையின் பொருளே அந்த ஏற்பாட்டில் பிறந்தது எனலாம். பின்னாளில் பயாஸின் இடத்தைப் பிடித்த யு.இ.எஃப்.ஐ.யுடன் வந்த ஜி.பி.டி. பகிர்வு அட்டவணை தன் படி ஒன்றைத் தட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. பாட்டன் செய்த பிழைக்குப் பேரன் செய்த பரிகாரம்.

மீட்பு மென்பொருளின் கதை வேறொரு முனையில், அழிக்கப்பட்ட கோப்பில் தொடங்குகிறது. தன் கோப்பொன்றைத் தவறுதலாக அழித்துவிட்ட அமெரிக்க நிரலாளர் பீட்டர் நார்ட்டன், அதைத் திரும்பப் பெற நிரல் எழுதினார். 1982இல் வெளியான நார்ட்டன் யுடிலிட்டீஸ் தொகுப்பின் மையம் அதுதான். டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பெயர்ப்பட்டியலில் அக்கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் இ5 என்ற பதினாறடிமான மதிப்பால் மாற்றி, அது பிடித்திருந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. அதனால்தான் அக்கால மீட்பு நிரல்கள் பெயரின் முதல் எழுத்து என்னவென்று பயனரையே கேட்டன. அழிந்தது அந்த ஓர் எழுத்து. அதை நினைவில் வைத்திருந்தவர் பிழைத்தார். பெயர்ப்பட்டியல் வேறு, பொருள் வேறு என்ற இந்த உண்மையின் மேல்தான் பிற்கால மீட்புக் கருவிகள் பலவும் நிற்கின்றன. பட்டியல் அடியோடு சிதைந்தாலும், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் போன்ற நிரல் தட்டை நெடுக வாசித்து, எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும் இடமெல்லாம் ஒரு ஜேபெக் படம் என்று எடுத்துக்கொள்ளும். படங்கள் வந்துவிடும், பெயர்கள் வாரா. எண்ணிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே திருமணப் படத்தைத் தேடுவது உரிமையாளர் பாடு. ஒரு முறை மேலெழுதப்பட்ட தரவு மட்டும் எதற்கும் மீளாது.

வகைப்பாடு

துவக்கம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கொண்டு இக்கோளாறுகளைப் பிரிப்பதே பயனுள்ளது. முதல் வகை, விளக்கே எரியாதது: மின்னேற்றி, மின்கலம், தாய்ப்பலகை ஆகியவற்றின் கோளாறு. தட்டுக்கு இதில் பங்கில்லை. இரண்டாவது, விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை இருண்டே இருப்பது. நினைவகப் பலகை தளர்ந்திருந்தால் பீப் ஒலிகளின் எண்ணிக்கையில் கணினியே அதைச் சொல்லும். திரை மட்டும் பழுதாகி உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்காமலேயே 'செத்துப்போனது' என்று ஒதுக்கப்பட்ட மடிக்கணினிகள் ஏராளம். மூன்றாவது, துவக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற அறிவிப்போடு நிற்பது. அட்டவணை சிதைந்திருக்கலாம், தட்டே காணாமல் போயிருக்கலாம். பயாஸ் பட்டியலில் தட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தால் இவ்விரண்டும் பிரிந்துவிடும். நான்காவது, இயங்குதளத்தின் சின்னம் தோன்றி, நீலத் திரையிலோ முடிவில்லாத சுழற்சியிலோ முடிவது. கடைக்காரர்கள் விண்டோஸை மறுபடி போட்டுத் தரலாம் என்பது இவ்விடத்தில்தான். கோப்புகளை வெளியே எடுக்காமல் அதற்குச் சம்மதிப்பது, வீட்டுச் சாவி தொலைந்ததற்காக வீட்டை இடிப்பதற்குச் சமம்.

வெளியிலிருந்து துவக்குதல்

முதல் இரு வகைகளுக்கு, வெளித்திரையும் கைகொடுக்காதபோது, தட்டைக் கழற்றுவதே வழி. 2.5 அங்குல சாட்டா தட்டைச் சிறு யு.எஸ்.பி. கம்பியாலும், எம்.2 பலகையை அதற்குரிய உறையாலும் வேறொரு கணினியில் இணைக்கலாம். எம்.2இல் சாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு. உருவம் ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றுக்குரிய உறையில் மற்றது வேலை செய்வதில்லை. பின்னிரு வகைகளில், பயாஸ் பட்டியலில் தட்டு தெரிந்தால், அதைக் கழற்றாமல் வேறோர் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினால் போதும். இம்முறையைப் பரவலாக்கியது ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, சுமார் 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி ஒரே குறுவட்டில் அடக்கியிருந்தார். அதற்கு முன்பே 1992இல் இக்டிராசில் லினக்ஸ் குறுவட்டிலிருந்து ஓடியது என்றாலும், பழுதுபார்ப்போரின் பையில் இடம்பிடித்தது நாப்பிக்ஸ்தான்.

இம்முறையில் ஓர் இடைஞ்சல் உண்டு. விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் துவக்க வசதி, கணினியை அணைத்ததாகக் காட்டிவிட்டுத் தட்டை அரைத்தூக்கத்தில் விட்டுவைக்கிறது. லினக்ஸ் அப்படிப்பட்ட தட்டை வாசிக்க மட்டுமே சம்மதிக்கும். படியெடுக்க வந்தவருக்கு அது போதும்.

நோயுற்ற தட்டு

வன்தட்டில் டக் டக் என்று ஒலி கேட்டால் படிமுனை தன் தடத்தைக் காணாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று பொருள். தகட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய முனை அது. ஒரு தூசி அதற்கு மலை. இந்நிலையில் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது தவறு, ஏனெனில் அது கெட்ட பகுதிகளையே மீண்டும் மீண்டும் வாசித்து, பட்டியலையும் திருத்தி எழுதும். உறைவிப்பானில் வைத்து எடுத்தால் ஓடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. தகட்டில் ஈரம் படிந்தால் உள்ளதும் போகும் என்பதால் அது வைத்தியமன்று. செய்யத்தக்கது, தட்டை முழுமையாக வேறொரு தட்டுக்குப் படியெடுப்பது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனூ டிடிரெஸ்கியூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்புகிறது. வாசித்தது எது, வாசிக்காதது எது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால் இடையில் நிறுத்தித் தொடரவும் முடிகிறது. முனையே உடைந்திருந்தால் தூய அறை வசதியுள்ள நிறுவனங்களிடம்தான் போக வேண்டும்.

அவர்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடத்தின் தட்டு சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ் வானில் சிதறிய அந்த ஓடத்தின் இடிபாடுகளில், செனான் வாயு பற்றிய ஆய்வின் தரவு அடங்கிய சீகேட் தட்டொன்று உருகியும் மண் புகுந்தும் கிடைத்தது. கிரால் ஆன்டிராக் நிறுவனம் தகடுகளைக் கழுவிப் புதிய உறையில் பொருத்தி ஏறக்குறைய 99 விழுக்காட்டை எடுத்தது. ஆய்வு முடிவு 2008இல் வெளிவந்தது. தட்டு டாஸில் ஓடியதால் தரவு அங்குமிங்கும் சிதறாமல் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்க் கோப்புகள்

பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த தமிழ் ஆவணங்கள் திறந்தவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றுவதுண்டு. மீட்பு தோற்றது என்று கருதிக் கோப்பை நீக்கியவர்களும் உள்ளனர். உண்மையில் அவை பாமினி, டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகிய ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கங்களில் தட்டச்சானவை. உரிய எழுத்துருவையும் அதே கணினியின் எழுத்துரு அடைவிலிருந்து எடுத்துக்கொண்டால், அல்லது ஒருங்குறி மாற்றியில் இட்டால், படிக்கக் கிடைக்கும்.

இன்றைய நிலை

திடநிலைச் சேமிப்பகங்களில், அழித்த கோப்பின் இடத்தைத் துடைக்க விடும் டிரிம் கட்டளையின் காரணமாக, அழித்த கோப்பு பெரும்பாலும் மீள்வதில்லை. பல மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் துவங்காமல் நின்றபோது, ஒரே ஒரு கோப்பை நீக்கினால் தீரும் கோளாறுக்கு அச்சாவியைத் தேடியே பல அலுவலகங்களில் நேரம் போயிற்று.