தரையில் கிடந்தவன் காதில் விழுந்த சொல்

ஹார்ட்டில்பூல்ஸ் கால்பந்து கிளப்புக்குள் பிரையன் கிளஃப் மேனேஜராகக் காலெடுத்து வைக்கும் கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். எழுத உட்கார்ந்தால், அவருடைய வலது முழங்காலில் பட்ட காயத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1962 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சண்டர்லேண்டின் ரோக்கர் பார்க் மைதானம் பனியும் ஈரமுமாகக் கிடக்கிறது. கிளஃப் ஆடும் சண்டர்லேண்டுக்கு எதிரே பெரி அணி. கிளஃபுக்கு முன்னால் ஒரு பந்து கொஞ்சம் நீண்டு விழுகிறது. அவர் கண் பந்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கோல்கீப்பர் கிறிஸ் ஹார்க்கரும் அதே பந்துக்குப் பாய்கிறார். அவருடைய தோள், ஓடி வந்த வேகத்தோடு கிளஃபின் முழங்காலில் இடிக்கிறது. கிளஃப் எழப் பார்த்தார், விழுந்தார். மூட்டு ஜவ்வுகள் கிழிந்துவிட்டன.

அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. பெரியின் தடுப்பாட்டக்காரர் பாப் ஸ்டோக்கோ நடுவரிடம், இவன் சும்மா நடிக்கிறான் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். தரையில் கிடந்தவர் காதில் அது விழுந்தது. கடைசிவரை அவர் அதை மறக்கவில்லை.

கிளஃபுக்கு அன்று வயது 27. அதுவரை லீக்கில் 271 ஆட்டங்களில் 250 கோல்கள். எல்லாமே இரண்டாம் டிவிஷனில் போட்டவைதானே என்று இளக்காரம் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. எந்த டிவிஷனில் போட்டால் என்ன, இப்படி ஒரு கணக்கை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அவருக்கு இங்கிலாந்து அணியில் கொடுத்தது 1959இல் இரண்டே ஆட்டங்கள். தேர்வாளர்கள் செய்தது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

கிளஃப் காயப்பட்ட அந்த சீசனின் கடைசி நாட்களில் செல்சி ரோக்கர் பார்க்குக்கு வந்தது. டிரா செய்தாலே சண்டர்லேண்ட் முதல் டிவிஷனுக்குப் போயிருக்கும். 1-0 என்று தோற்றது. கோல் சராசரியில் முந்திச் செல்சி மேலே போனது. தேவைப்பட்ட அந்த ஒரு கோலைப் போட வேண்டிய கால் ஆட முடியாமல் கிடந்தது. பிறகு ரோக்கர் பார்க்கின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் காலைத் தேற்றினார் கிளஃப். 1964 செப்டம்பரில், அணி முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டிருந்தபோது, திரும்பி வந்து ஆடியது மூன்றே ஆட்டம். லீட்ஸுக்கு எதிராக ஒரு கோல். முதல் டிவிஷனில் அவர் போட்ட ஒரே கோல் அதுதான். ஆட்டக்காரர் கிளஃபின் கதை அத்தோடு முடிந்தது.

இனி ஸ்டோக்கோ. 1973இல் இதே சண்டர்லேண்டுக்கு அவர் மேனேஜர். வெம்பிளியில் லீட்ஸை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றார். தொப்பியும் மழைக்கோட்டுமாக மைதானத்தில் ஓடிப் போய்த் தன் கோல்கீப்பர் மான்ட்கோமரியைக் கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே அவருக்குச் சிலை வைத்திருக்கிறது அந்த ஊர். பின்னாளில் மேனேஜராக ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்ற கிளஃபுக்கோ எஃப்.ஏ. கோப்பை கடைசிவரை வாய்க்கவில்லை. 1991 இறுதி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 2-1 என்று தோற்றார்.

ஸ்டோக்கோவை வில்லனாக்க எனக்கு மனமில்லை. ஆட்டச் சூட்டில் வாய் தவறுவது யாருக்கும் நடக்கும். ஆனால் கிளஃப் அவரை மன்னித்திருக்கக் கூடாதா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கை கையைவிட்டுப் போகிற நொடியில் அதை நடிப்பு என்று கேட்டவர் அவர். பின்னாளில் அவருடைய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் நடுவரிடம் வாயாடாதவர்கள் என்று பெயரெடுத்தார்கள். அப்படி வாயாடுவதை அவர் பொறுத்துக்கொள்வதே இல்லை. அந்தக் கண்டிப்புக்கு வேர் 1962 டிசம்பர் 26 என்றே நான் நம்புகிறேன். ஸ்டோக்கோ, கிளஃப் இருவரும் 2004இல், ஒரே ஆண்டில் காலமானார்கள்.

ஆட்டம் முடிந்துபோன கிளஃபிடம் சண்டர்லேண்டின் இளைஞர் அணியை ஒப்படைத்தவர் மேனேஜர் ஜார்ஜ் ஹார்ட்விக். தனக்குச் சொல்லிக்கொடுக்க வரும் என்று கிளஃப் கண்டுகொண்டது அங்கேதான். ஹார்ட்விக் வேலை போனது, இவரும் வெளியே வந்தார். 1965 அக்டோபரில் ஹார்ட்டில்பூல்ஸ் கூப்பிட்டது. நான்காம் டிவிஷன். முதல் வேலையாக, மிடில்ஸ்பரோவில் தன்னோடு ஆடிய கோல்கீப்பர் பீட்டர் டெய்லருக்குப் போன் போட்டார். அப்போது கிளஃபுக்கு வயது 30.

(தொடரும்)