அற்புதக் கதைகளும் ஓர் அறிஞரின் வாசிப்பும்

நடவாத செய்திகளைக் கூறும் கதை நூல்களைப் பெரியவர்கள் ஐயத்தோடு நோக்குவது நெடுநாளைய வழக்கம். பேசும் விலங்கும், பறக்கும் கம்பளமும், வேற்றுக் கோளுக்குச் செல்லும் ஊர்தியும் மாணவர் மனத்தைப் பாடத்தினின்றும் வாழ்க்கையினின்றும் பிரித்துவிடும் என்பது அவர்கள் கருத்து. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய, நன்கு கற்ற ஒருவருடைய வாசிப்பின் வரலாற்றை ஆராய்வது தக்க வழியாகும். அதற்கு ஏற்ற சான்றாக விளங்குபவர் சி. எஸ். லூயிஸ் (1898–1963). ஆக்ஸ்போர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்த இவ்வறிஞர், எவ்வயதில் எந்நூலைப் படித்தார், அந்நூல் தம்மை என்ன செய்தது என்பவற்றை 1955இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் கடிதங்களிலும் ஒளிவின்றி எழுதி வைத்தார்.

பெல்பாஸ்ட் வீட்டில்

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் லூயிஸ் பிறந்தார். பெற்றோர் இருவரும் நூற்பற்று மிக்கவர்; வீட்டின் அறைகளில் மட்டுமன்றி நடைவழியிலும் மேல்மாடத்திலும் நூல்கள் நிறைந்திருந்தன. ஈ. நெஸ்பிட் அம்மையாரின் மாயக் கதைகளும், ஸ்விப்டின் ‘கலிவரின் யாத்திரை’யும், விலங்குகள் ஆடையணிந்து நடமாடும் கதைகளும் அச்சிறுவருக்கு விருந்தாயின. 1908இல், ஒன்பது வயதில், அவர் தாயை இழந்தார். அதன்பின் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளி வாழ்க்கையும் அவருக்கு இன்பந்தரவில்லை.

இவ்விளமையில் அவர் தம் தமையனாருடன் சேர்ந்து ஒரு கற்பனை நாட்டைப் படைத்தார். தம்பியின் விலங்கு நாடும் தமையனின் ‘இந்தியா’வும் இணைந்து ‘பாக்ஸன்’ எனப் பெயர் பெற்றன. அந்நாட்டுக்கு வரலாறும் நிலப்படமும் கப்பல் வழிகளும் எழுதப்பட்டன. இதனைக் குறித்துப் பிற்காலத்தில் லூயிஸ் கூறிய கருத்து நுட்பமானது. தம்மைத் தலைவனாக வைத்துக் கண்ட பகற்கனவுகள் தம்மை மூடனாக்கப் பழக்கின. தாம் இடம்பெறாத ஒரு நாட்டைப் படைத்த முயற்சியோ தம்மைக் கதையாசிரியனாக்கப் பழக்கியது என்பது அக்கருத்தின் சாரம். பகற்கனவு வேறு, படைப்புக் கற்பனை வேறு என்னும் பாகுபாட்டை அவர் இறுதிவரை வற்புறுத்தி வந்தார்.

நிலையத்தில் கிடைத்த நூல்

1914இல் லூயிஸ், சரே மாநிலத்திலுள்ள கிரேட் புக்கம் என்னும் ஊரில் வாழ்ந்த கர்க்பாட்ரிக் என்பாரிடம் தனி மாணவராகச் சேர்ந்தார். கர்க்பாட்ரிக் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். லூயிசின் தந்தைக்கும் ஆசிரியராய் இருந்தவர். காரணமின்றி ஒரு சொல் சொன்னாலும் விடாது மறித்துக் கேட்கும் தருக்க வல்லுநர். ஹோமரின் காவியத்தைக் கிரேக்க மொழியிலேயே நேராகப் படிப்பித்தவர். இத்தகைய கண்டிப்பான கல்விக்கு நடுவேதான் லூயிசின் அற்புதக் கதை வாசிப்பும் தழைத்தது.

1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், லெதர்ஹெட் புகைவண்டி நிலையப் புத்தகக் கடையில் லூயிஸ் ஒரு மலிவுப் பதிப்பை வாங்கினார். முன்னர்ப் பலமுறை எடுத்துப் பார்த்து, வேண்டாவென்று வைத்துவிட்ட நூல் அது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மக்டொனால்ட் 1858இல் வெளியிட்ட ‘பேன்டஸ்டிஸ்’ என்பது அதன் பெயர். ஓர் இளைஞன் கண்விழிக்கும்போது அவன் படுக்கையறை காடாக மாறுகிறது. அவன் மாய நாட்டில் அலைந்து திரிந்து வீடு திரும்புகிறான். வீட்டார்க்கு அவன் பிரிந்திருந்தது இருபத்தொரு நாள். அவனுக்கோ அத்தனை ஆண்டுகளாகத் தோன்றுகிறது.

அன்று அந்நூல் தந்த அனுபவத்தை லூயிஸ் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அதற்கு முன் படித்த கதைகள், நூலை மூடியவுடன் உலகத்தை வறண்ட பாலையாகக் காட்டின. இந்நூலோ அதற்கு மாறாக, தன் ஒளியை உலகப் பொருள்கள்மேல் படியச் செய்தது. தாம் அமர்ந்திருந்த அமைதியான அறையும், சிறிய நூலொன்றின்மேல் தலை கவிழ்ந்து உறங்கி வழியும் முதிய ஆசிரியரும் அவ்வொளியில் புதியராய்த் தோன்றியதாக அவர் எழுதினார். மக்டொனால்டைத் தம் ஆசான் என்று வெளிப்படையாகவே போற்றினார்.

இவ்வாசிப்பு அவரைக் கடமையினின்றும் விலக்கவில்லை. அயர்லாந்தினராகையால் கட்டாயப் படைச்சேர்ப்பு அவருக்கில்லை. ஆயினும் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். 1917 நவம்பர் 29ஆம் நாள், தம் பத்தொன்பதாம் பிறந்த நாளன்று, பிரான்சுப் போர்முனையை அடைந்தார். 1918 ஏப்ரலில் புண்பட்டுத் திரும்பினார்.

வாசகர் வளர்த்த நூல்கள்

ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பின் லூயிஸ் தாம் சுவைத்தவற்றைப் பிறர்க்கும் பகிர்ந்தார். 1926இல் அவர் ஜே. ஆர். ஆர். டோல்கீனைச் சந்தித்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் டோல்கீன் தாம் எழுதிவந்த நெடும்பாட்டொன்றை அவரிடம் தந்தார். லூயிஸ் இரவு நெடுநேரம் படித்து மகிழ்ந்து, பின்னர் விரிவான குறிப்புகள் அனுப்பினார். அப்பாட்டை ஒரு பழஞ்சுவடிபோல் பாவித்து, கற்பனை உரையாசிரியர்கள் பாடபேதம் காட்டி வாதிடுவதுபோல் அவர் குறைகளை எடுத்துரைத்த நயம் பாராட்டத்தக்கது.

1936இல் சார்லஸ் வில்லியம்ஸ் எழுதிய அற்புத நாவலொன்றைப் படித்து வியந்து லூயிஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். அவ்வேளையில் வில்லியம்சும் லூயிசின் ஆராய்ச்சி நூலை அச்சுப்படியில் படித்துப் பாராட்டு எழுத முனைந்திருந்தார். இருவரும் நண்பராயினர். டேவிட் லிண்ட்சே 1920இல் வெளியிட்ட ‘ஆர்க்டூரசுக்கு ஒரு பயணம்’ என்னும் நாவலின் முதற்பதிப்பு அறுநூறு படிகூட விற்கவில்லை. அதன் கொள்கையை லூயிஸ் வெறுத்தார். ஆயினும் வேற்றுலகப் பயணக் கதை ஆன்மிகப் பொருளையும் தாங்கும் என்பதை அதிலிருந்தே கற்றார். 1938இல் வந்த அவருடைய முதல் கோள்மண்டல நாவல் அப்பாடத்தின் விளைவாகும்.

டோல்கீனின் ‘ஹாபிட்’ அச்சேறியதும் ஒரு வாசகரால்தான். 1936இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கையெழுத்துப்படியைத் தந்து, கருத்துரைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். சிறுவன் நன்றென்றான், 1937 செப்டம்பரில் நூல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளாயின. பகுதி பகுதியாகக் கேட்டு ஊக்கியவர் லூயிஸ். அவ்வூக்கமின்றேல் நூல் நிறைவேறியிராது என்பது டோல்கீனின் வாக்குமூலம். 1954–55இல் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆயிரம் பவுன் நட்டம் வரக்கூடும் என்று தந்தையிடம் கூறியும் அதனை வெளியிடத் துணிந்தவர், வளர்ந்துவிட்ட அதே ரேனர்.

எக்கதை ஏமாற்றும்?

அற்புதக் கதை பொய்யுலகில் மயங்கவைக்கும் என்னும் குற்றச்சாட்டுக்கு லூயிஸ் 1952இல் நூலகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையில் விடை தந்தார். பள்ளியில் யாவரும் புகழும் விளையாட்டு வீரனாகும் கதையைப் படிக்கும் சிறுவன், அது தனக்கும் கிட்டுமென ஏங்குகிறான். நூலை மூடியதும் தன் நிலையை வெறுக்கிறான். மாயக் காட்டைப் பற்றிப் படித்தவனோ உண்மைக் காட்டை வெறுப்பதில்லை. எல்லாக் காடுகளிலும் சிறிது மாயத்தைக் காண்கிறான். நடக்கக்கூடியது போலத் தோன்றும் கதையே ஆசையைத் தூண்டி ஏமாற்ற வல்லது என்பது அவர் முடிபு.

இதனை 1961இல் வெளிவந்த திறனாய்வு நூலில் மேலும் விரித்தார். நூலைக் கொண்டு வாசிப்பைத் தாழ்ந்ததென மதிப்பிடுவதைவிட, வாசிப்பைக் கொண்டு நூலை மதிப்பிடுதல் நன்று என்றார். நூலைத் தன் ஆசைக்குப் பயன்படுத்துவோர் ஒரு சாரார். நூல் தருவதைத் தாழ்ந்து நின்று ஏற்போர் மற்றொரு சாரார். முன்னவர் ஒருமுறை படித்த கதையை மீண்டும் தொடார். பின்னவர் பன்முறை படிப்பர்.

லூயிசின் கருத்துகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்றாரல்லர். அவருடைய ‘நார்னியா’ கதைகள் டோல்கீனுக்கே உவப்பளிக்கவில்லை. எனினும் அவர் வகுத்த அளவுகோல் வகுப்பறைக்குப் பெரிதும் உதவும். மாணவன் கையில் மாயக் கதையைக் கண்டவுடன் அதைப் பறிப்பதில் பயனில்லை. அதை இரண்டாம் முறை படிக்கிறானா, அதிலுள்ள நாட்டை வரைந்து பார்க்கிறானா, பிறர்க்கு எடுத்துச் சொல்கிறானா என்று கேட்டறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் உண்டாயின், அவன் வாசகனாகிவிட்டான் என்று ஆசிரியர் கொள்ளலாம். கர்க்பாட்ரிக் கிரேக்க இலக்கணத்தில் சிறிதும் விட்டுக்கொடாத ஆசிரியர். அவர் வீட்டிலேயே மாணவரின் மாயக் கதை வாசிப்பும் வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.