பதிலியாய் நிற்கும் அழைப்பு



நம்முடைய புளியந்தோப்பின் மூத்தவர்களுக்குப் 'பதிலி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பின்னி ஆலையின் சங்கு ஒலித்த காலத்தில், நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய தறியில் நின்றவரே பதிலி. விடியற்காலையில் ஆலை வாசலில் காத்திருப்பார். பெயர் அழைக்கப்பட்டால் அன்றைக்குக் கூலி உண்டு; இல்லையேல் வெறுங்கையோடு வீடு திரும்புவார். தறி அவருடையதன்று. ஆயினும் அவர் நிற்கும் வேளையில் நூல் அறுந்தால், அதை முடியவேண்டியவர் அவரே.

கடந்த வாரம் நம் சபையின் மகள் ஒருத்தி, ஆசிரியப் பயிற்சி முடித்தவள், என்னிடம் வந்தாள். வடநாட்டு மலைக்கிராமப் பள்ளி ஒன்றின் ஆசிரியை பேறுகால விடுப்பில் செல்கிறாராம்; ஆறு மாதம் அவர் இடத்தில் நிற்க ஆள் தேடுகிறார்கள். "ஐயா, இன்னொருவர் இடத்தில் சில மாதம் நின்றுவிட்டுத் திரும்பிவருவதை ஊழியம் என்று சொல்லலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலராய் இருந்த அவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையைக்கொண்டு, கடலுக்கு இப்பாலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியர் ஒருவரை அனுப்பித் தாங்கிவந்ததைக் கண்டார். தீவிலுள்ள ஒரு சிறு கூட்டம் நம் நாட்டின் குறைவை நிறைவாக்குகிறது. பெரிய சபையாகிய நாமோ எவரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அதன் கனியாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. பணமும் ஊழியரும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் ஊழியம் நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லில் தொடங்கியது. நம் பேசின் பிரிட்ஜைக் கடந்து வடக்கே ஓடும் அதே இருப்புப்பாதை, விஜயவாடாவும் கம்மமும் தாண்டி அவ்வூரை அடைகிறது.

அங்கே சென்ற தமிழர் அந்நியராகவே இறங்கினார்கள். மொழி தெலுங்கு. அவர்களை ஏற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள்; ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள், எழுத்து மறுக்கப்பட்டவர்கள். கற்பிக்கச் சென்றவர்கள் முதலில் மாணவராய் அமர்ந்து தெலுங்கு கற்கவேண்டியதாயிற்று. பகலில் வயலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரவில் விளக்கேற்றிப் பாடம் சொன்னவர் கிராம ஆசிரியர். ஜெபத்தை நடத்தினவரும் அவரே. 1909இல் குருப்பட்டம் பெற்று அசரியா தாமே அங்கே சென்றார். அவருடைய மனைவி அன்பு அம்மாள் பெண்களுக்குக் கற்பிப்பதில் உழைத்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம்பண்ணப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

ஆனால் பிரியமானவர்களே, நான் வியப்பது அந்தப் பதவியை அல்ல. 1935 அளவில் தோர்ணக்கல் திருமண்டலத்தில் இந்தியக் குருமார் 250 பேரும், கிராம ஆசிரியர்கள் 2000க்கு மேற்பட்டவர்களும் இருந்தார்கள். எழுத்து மறுக்கப்பட்டிருந்த தெலுங்குச் சேரிகளிலிருந்தே ஆசிரியர்கள் எழும்பினார்கள். தமிழர் பதிலியாய் நின்றார்கள்; தறிக்கு உரியவர்கள் வந்தபோது அதை அவர்கள் கையில் கொடுத்தார்கள். தெலுங்கு நாட்டைத் தமிழரே என்றும் ஆளவேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்த ஊழியம் அவர்களோடே முடிந்திருக்கும்.

பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்துவைப் பாருங்கள். காவலிலிருந்த பவுலிடம் பிலிப்பி சபையார் எல்லாரும் செல்லக்கூடவில்லை; அவர்கள் செய்யக்கூடாமற்போனதை நிறைவாக்க அவன் ஒருவன் சென்றான். வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானான். பின்பு பவுல் அவனைத் திரும்ப அனுப்புகிறார். அவன் பாதியில் வந்துவிட்டான் என்று பவுல் எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்றே கட்டளையிடுகிறார். எத்தனை ஆண்டு நின்றான் என்ற கணக்கு அங்கே இல்லை.

ஆகவே அந்த மகளிடம், "இது ஊழியமே, அம்மா" என்றேன். மூன்று காரியங்களையும் சொன்னேன். கற்பிக்குமுன் அந்தப் பிள்ளைகளின் மொழியில் சில சொற்களையாவது அவர்களிடமே கற்றுக்கொள். என்றும் உங்களோடிருப்பேன் என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடாதே. விட்டுச்சென்றவர்களை அவர்கள் ஏற்கெனவே அநேகரைக் கண்டிருக்கலாம். எந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, திரும்பிவரும் ஆசிரியையின் கையில் கொடு. நூல் அறாமல் தறியை ஒப்படைப்பதே பதிலியின் உண்மை.

அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவளுடைய தாயின் கண்ணீரையும் நான் கண்டேன். அதை அற்பமாக எண்ண எனக்கு உரிமையில்லை. ஆகையால் இந்த வாரம் அந்தக் குடும்பத்திற்காக ஜெபியுங்கள். அவள் போனால் வெறுங்கையோடு அனுப்பாதிருங்கள். யாழ்ப்பாணத்தார் அனுப்பினதுபோலத் தாங்கி அனுப்புங்கள். போகாவிட்டால், அவளைக் குறைவாக எண்ணாதிருங்கள்.

நமக்குப் பதிலாக நின்ற கர்த்தர்தாமே, பிறருக்குப் பதிலாக நிற்கும் கிருபையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.